நீரிழிவும் நாமும்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)

இம்மேடையில் ஏறுவோர் பெரும்பாலும் சமயம், இலக்கியம், சமூகசேவை ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். நானோ இன்று ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "எதைப் பற்றியும் பேசலாம், ஆனால் கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடியதாக ஏதாவது இருக்க வேண்டும்" என்று சொன்னார்கள். ஆதலால் நீரிழிவை எடுத்துக்கொண்டேன். நான் வைத்தியன் அல்லேன். பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் கற்கும் மாணவன் மாத்திரமே. ஆகையால் மருந்து சொல்ல மாட்டேன். நோயின் குறிகள் எவை, இரத்தப் பரிசோதனைக் கடதாசியில் எழுதியிருக்கும் எண்களின் பொருள் யாது என்னும் இரண்டை மட்டும் விளக்க முயல்வேன்.

இப்பொருளை நான் தெரிந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதை என் தகப்பனாரின் அனுமதியைப் பெற்றே சொல்லுகின்றேன். அவர் இதோ பின்வரிசையில் இருக்கின்றார். வெங்காயமும் புகையிலையும் செய்து எங்களைப் படிப்பித்தவர் அவர். நாங்கள் அவரை ஐயா என்று அழைப்போம்.

நான் உயர்தர வகுப்பிலே படித்துக்கொண்டிருந்த காலம். நான் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே ஆய்வுகூடத்திலே பெனடிக்ற்றின் கரைசலைக் கொண்டு குளுக்கோசைக் கண்டறியும் சோதனையைச் செய்தோம். நீல நிறக் கரைசலைச் சூடாக்கினால், குளுக்கோசின் அளவுக்கேற்ப அது பச்சையாகி, மஞ்சளாகி, ஈற்றில் செங்கட்டி நிறமாகும். அச்சோதனைக்கு எனக்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி கிடைத்தது. அதே மாதங்களிலே எங்கள் வீட்டில் ஐயா இரவில் நாலைந்து தரம் எழும்பி வெளியே போய் வருவார். படுக்கையருகே வைத்த செம்புத் தண்ணீர் விடியுமுன் முடிந்துவிடும். இடுப்பு வார் இரண்டு துளை உள்ளே போயிற்று. "வெயிலிலே நிற்கிற உடம்பு, தண்ணீர் விடாய்க்கும்தானே" என்றார் அம்மா. நானும் ஆம் என்றேன். மலசலகூடத்திலே எறும்பு வரிசையாக ஊருவதைக் கண்டு, கடைக்குப் போய் எறும்புத்தூள் வாங்கிவந்து தூவியவனும் நானேதான்.

அவ்வாண்டுத் திருவிழாவிலே, வெறுங்காலுடன் தேர்வடம் பிடித்த ஐயாவின் காலில் ஒரு முள் ஏறியது. அவருக்கு அது நோகவில்லை. நோகாதபடியால் அவர் காலைப் பார்க்கவும் இல்லை. பத்தாம் நாள் துர்நாற்றம் வந்த பின்னரே நாங்கள் பார்த்தோம். வைத்தியசாலையிலே இரண்டு விரல்களை அகற்றினார்கள். அன்றைய இரத்தத்தில் சீனி 388. "முன்பு எப்போதாவது இரத்தம் சோதித்தது உண்டா?" என்று வைத்தியர் கேட்டார். ஐயா, "ஓம், மூண்டு வரியத்துக்கு முந்தி ஒருக்காப் பாத்தது. கொஞ்சம் சீனி இருக்குதெண்டு சொன்னவை" என்றார். நான் வீட்டுக்கு வந்து தேடினேன். பழைய பஞ்சாங்கம் ஒன்றினுள்ளே அந்தக் கடதாசி மடித்தபடி இருந்தது. வெறும் வயிற்றில் 138 என்று எழுதியிருந்தது. அதைக் கண்ட அயலவர் ஒருவர் "நூற்றுநாற்பது மட்டும் பயமில்லை" என்று தைரியம் சொல்லியிருக்கின்றார். ஐயாவும் அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மறந்துவிட்டார். வாசித்து விளங்கிக்கொள்ளப் பழகிய ஒருவன் அந்த வீட்டிலேயே இருந்தான். அவனிடம் ஒருவரும் காட்டவில்லை. அவனும் ஒருவரையும் கேட்கவில்லை.

பெரியோர்களே, இதனை நான் உங்கள் இரக்கத்தைப் பெறுதற்காகச் சொல்லவில்லை. "கொஞ்சம் சீனி" என்னும் சொல் நம்மூர் வீடுகளிலே எத்தனை பஞ்சாங்கங்களுக்குள் மடிந்து கிடக்கின்றதோ என்று எண்ணியே சொல்லுகின்றேன்.

இனி, இந்நோய் யாது என்பதைச் சிறிது பார்ப்போம். சலரோகம், சீனி வருத்தம், நீரிழிவு என்று நாம் வழங்குவது புதிய நோயன்று. பழைய ஆயுள்வேத நூல்கள் இதனை மதுமேகம் என்று அழைத்தன. மது என்பது தேன். தேன்போல் இனிக்கும் நீர் கழிகின்றது என்பதையும், அதனை எறும்பு நாடுகின்றது என்பதையும் நம் முன்னோர் கண்டிருந்தனர். மேனாட்டிலே தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1674இல் நோயாளரின் சிறுநீர் இனிக்கின்றது என்று எழுதினார். 1776இல் மத்தியூ டொப்சன் என்பவர் அச்சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சிய வெண்பொருள் சீனியே என்று காட்டினார். நோயாளரின் இரத்தநீரும் இனிப்பதை அவர் கண்டார். 1889இல் ஜெர்மானிய விஞ்ஞானிகளான வொன் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றினர். அந்த நாய்க்கு நீரிழிவு கண்டது. நோயின் வேர் சதையியில் உண்டென்பது அப்போதுதான் வெளியாயிற்று. ஈற்றில் 1921இல் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரிலே பான்றிங், பெஸ்ற் என்னும் இருவரும் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியிலே அது முதன்முதலாக ஒரு 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இவ்வாறு நோயுற்ற பிள்ளைகள் பெரும்பாலும் சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோயினர். பான்றிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளே இன்று உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

நாம் உண்ணும் சோறு, பிட்டு, இடியப்பம், பாண் யாவும் வயிற்றிலே சமித்துக் குளுக்கோசு என்னும் சீனியாகி இரத்தத்திற் சேர்கின்றன. ஆகவே சீனி தின்றால்தான் சீனி வருத்தம் வருமென்று நினைப்பது தவறு. இரத்தத்திலுள்ள குளுக்கோசு தசைகளுக்குள்ளே புகுந்தாலன்றி நமக்குப் பலன் இல்லை. அது புகுவதற்குக் கதவைத் திறக்கும் திறப்புப் போன்றது இன்சுலின். சிலருக்குச் சதையி இன்சுலினைச் சுரக்கவே முடியாதபடி பழுதடைகின்றது. இது முதலாம் வகை. பெரும்பாலும் பிள்ளைகளையும் வாலிபரையும் பீடிப்பது. வேறு பலருக்கு இன்சுலின் இருந்தும் பூட்டு இலகுவில் திறபடுவதில்லை. நாளடைவில் சதையியும் களைத்துப்போகின்றது. இது இரண்டாம் வகை. நம்மிடையே மிகப் பெரும்பான்மையாகக் காணப்படுவது இதுவே. கர்ப்பவதிகளுக்குக் கர்ப்பகாலத்திலே தோன்றும் நீரிழிவும் ஒன்று உண்டு.

இவ்வளவையும் மனத்திற் கொண்டால் நோயின் குறிகளை நெட்டுருப் பண்ண வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று தானே விளங்கும். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சிறுநீரகங்கள் அதனைத் தடுத்து வைத்திருக்க இயலாமல் சிறுநீரிலே விட்டுவிடுகின்றன. சீனி போகுமிடத்துக்குத் தண்ணீரும் கூடப் போகும். ஆகவே அடிக்கடி சலம் போகின்றது. சிறப்பாக இரவிலே நித்திரை முறிகின்றது. உடம்பின் தண்ணீர் குறைவதால் நாவறட்சியும் தீராத விடாயும் உண்டாகின்றன. இரத்தத்திலே சீனி நிறைந்திருந்தும் தசைக்குள் அது சேராமையால் உடம்பு பட்டினி கிடக்கின்றது. ஆகவே பசி மிகும். உண்டும் உடம்பு மெலியும். காரணமில்லாத களைப்பு வரும். கண்ணிலுள்ள வில்லை சீனியின் ஏற்றத்தாழ்வினால் வீங்கிச் சுருங்குவதால் பார்வை மங்கும். இதனை அறியாமல் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிக் காசைச் செலவிடுவோர் உளர். சீனி நிறைந்த உடம்பிலே கிருமிகள் செழிப்பதால் புண்கள் ஆறச் சுணங்கும்; கட்டிகள் திரும்பத் திரும்ப வரும்; மறைவிடத்திலே கடியும் வெள்ளையும் தோன்றும். இந்தக் கடைசிக் குறியை நம் தாய்மாரும் சகோதரிகளும் வெட்கத்தினாலே மறைத்துவிடுகின்றனர். வெட்கப்பட வேண்டிய விஷயம் இது அன்று. நாட்பட்டால் நரம்புகள் கெட்டு, பாதங்களில் விறைப்பும் எரிவும் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியும் உண்டாகும். பின்னர் உணர்ச்சியே அற்றுப்போகும். ஐயாவின் காலில் முள் ஏறியும் நோகாதது இதனாலேதான். நோவு என்பது கடவுள் வைத்த காவற்காரன் போன்றது. அவன் நித்திரையானால் வீடு கொள்ளைபோவது திண்ணம்.

பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. படுக்கையில் நனைக்கும் பழக்கத்தை விட்ட பிள்ளை மறுபடியும் நனைக்கத் தொடங்கினால், ஓயாமல் தண்ணீர் கேட்டால், சில கிழமைகளுக்குள் மெலிந்தால் அதனை அடிக்கவோ ஏசவோ வேண்டாம். அன்றைக்கே இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். அதனோடு சத்தியும் வயிற்றுவலியும் சேர்ந்து, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கி, பழுத்த பழம் போன்ற வாடை வாயிலிருந்து வந்தால் அது உயிராபத்து. இன்சுலின் இல்லாமையால் உடம்பு கொழுப்பை எரிக்க, அதனால் உண்டாகும் அமிலங்கள் இரத்தத்தை நஞ்சாக்குகின்றன. அப்போது நூல் கட்டவும் பார்வை பார்க்கவும் நேரம் இல்லை. நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும்.

அன்பர்களே, இக்குறிகளை அறிவது நன்று. ஆனால் குறிகளையே நம்பியிருப்பது நன்றன்று. இரண்டாம் வகை நீரிழிவு பல ஆண்டுகளாக ஒரு குறியும் காட்டாமலே உடம்பிற் குடியிருக்கக் கூடியது. சீனி 180ஐத் தாண்டாதவரை சிறுநீர் பெருகுவதில்லை. ஆயினும் 130, 140 என்ற அளவிலேயே விழித்திரையும் சிறுநீரகமும் நரம்பும் மெதுவாகக் கெடத் தொடங்கலாம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களிலே நடந்த ஆராய்ச்சியொன்று, 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு நீரிழிவு உண்டென்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அதனை அதுவரை அறியாதிருந்தனர் என்றும் கண்டது. எல்லைநிலையில் நின்றவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐவரில் ஒருவர். யுத்த காலமாதலால் வடக்கும் கிழக்கும் அக்கணக்கிலே சேரவில்லை. எங்களை எண்ணாமலே அவ்வளவு என்றால், எண்ணியிருந்தால் எவ்வளவோ!

மேலும், தென்னாசியராகிய நாம் மெலிந்த தோற்றத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. ஐரோப்பியரிலும் பார்க்கக் குறைந்த நிறையிலும் குறைந்த வயதிலும் இந்நோய் நம்மைப் பிடிக்கின்றது. கையும் காலும் மெலிந்து வயிறு மாத்திரம் முன்தள்ளிய உடம்பே நம்மிடையே ஆபத்துக்கு அறிகுறி. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் சோதிப்பது அவசியம். தாய் தகப்பன், சகோதரருக்கு நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பகாலத்தில் சீனி கண்ட தாய்மார், குருதியமுக்கம் உள்ளவர்கள் ஆகியோர் குறியை எதிர்பார்த்திராமல் முற்கூட்டியே சோதிக்க வேண்டும்.

இனிப் பரிசோதனைகளுக்கு வருவோம். முன்னாளிலே வைத்தியர்கள் நான் பாடசாலையிற் செய்த அதே பெனடிக்ற் சோதனையைச் சிறுநீரிலே செய்தார்கள். அதன் குறை இப்போது உங்களுக்கு விளங்கும். இரத்தத்தில் சீனி 180ஐத் தாண்டினாற்றானே சிறுநீருக்கு அது வரும்? ஆகவே சிறுநீரிற் சீனி இல்லை என்பதால் நோயும் இல்லை என்று சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனையே நம்பத்தக்கது. கடதாசியிலே வரும் எண், 100 மில்லிலீற்றர் இரத்தநீரிலே எத்தனை மில்லிகிராம் குளுக்கோசு உண்டு என்பதைக் குறிக்கும். சில ஆய்வுகூடங்கள் மில்லிமோல் என்னும் வேறு அளவையிலே எழுதும். அப்போது 7 என்றும் 11 என்றும் சிறிய எண்கள் வரும். அதனைக் கண்டு, "சீனி ஏழுதானே" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 18ஆற் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும். 7ஐப் பெருக்கினால் 126.

முதலாவது, வெறும்வயிற்றுப் பரிசோதனை. எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் தண்ணீர் தவிர வேறொன்றும் உட்கொள்ளாதிருந்து இரத்தம் கொடுப்பது. 100க்குக் குறைந்தால் சுகநிலை. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. இடைப்பட்டது எல்லைநிலை, ஆனால் உலக சுகாதார தாபனம் அவ்வெல்லையை 110இல் தொடங்குகின்றது. என் அயலவர் சொன்ன 140 எங்கிருந்து வந்தது? அவர் பொய் சொல்லவில்லை. முன்னொரு காலத்தில் எல்லை 140 ஆகவே இருந்தது. அதற்குக் குறைந்த அளவிலேயே கண்ணின் விழித்திரை பழுதாகின்றது என்று கண்ட அறிஞர்கள் 1997இல் அதனை 126ஆகக் குறைத்தார்கள். பழைய கணக்கு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய், ஐயாவின் கடதாசியைப் பஞ்சாங்கத்துக்குள் தள்ளியது. அறிவும் பஞ்சாங்கம் போலவே. ஆண்டுதோறும் புதியதை வாங்க வேண்டும்.

இரண்டாவது, குளுக்கோசு குடித்துச் சோதிப்பது. வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்து, இரண்டு மணித்தியாலத்தின் பின் மீண்டும் எடுப்பார்கள். அப்போது 140க்குக் குறைந்தால் நன்று. 140 முதல் 199 வரை எல்லைநிலை. 200உம் அதற்கு மேலும் நீரிழிவு. இவ்விரண்டு மணித்தியாலமும் ஓரிடத்தில் ஆறியிருக்க வேண்டும். சந்தைக்குப் போய்வருவதும் சுருட்டுப் பிடிப்பதும் ஆகா. கர்ப்பவதிகளுக்கும் இவ்விதமே சோதிப்பதுண்டு. ஆனால் அவர்களுக்கு எல்லைகள் வேறு, இன்னும் இறுக்கமானவை. ஆதலால் தாய்மார் தங்கள் எண்ணை மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

மூன்றாவது, நேரம் பாராது எடுக்கும் பரிசோதனை. முன்சொன்ன குறிகள் தெளிவாக உள்ள ஒருவருக்கு எந்நேரம் எடுத்தாலும் 200 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது நீரிழிவே.

நாலாவது, எச்.பி.ஏ.1.சி. என்னும் பரிசோதனை. இதனை அறிவது மிகவும் பிரயோசனமானது. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அவற்றிலுள்ள ஈமோகுளோபினில் குளுக்கோசு மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கின்றது. சீனி கூடினால் ஒட்டுவதும் கூடும். ஈரான் நாட்டு விஞ்ஞானியான சாமுவேல் ராபர் 1968இல் நீரிழிவுடையோரின் இரத்தத்திலே இந்த மாறுதலைக் கண்டார். இது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரிக் கணக்கைக் காட்டும். நோயறிய இதனைப் பயன்படுத்தலாமென்று உலக சுகாதார தாபனம் 2011இல் ஒப்புக்கொண்டது. நூற்றுக்கு 6.5உம் மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. நம்மவர் சிலர் கிளினிக்குக்குப் போகும் முதல்நாள் மாத்திரம் சோற்றை விட்டு, குரக்கன் பிட்டுத் தின்று, நல்ல எண்ணுடன் போய் வைத்தியரை மகிழ்விப்பர். பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் படிக்கும் மாணவரைப் போன்றவர்கள் அவர்கள்! இந்தப் பரிசோதனையிடம் அந்த வித்தை பலிக்காது; மூன்று மாதத் தவணை முழுவதையும் அது திருத்திப் புள்ளி போட்டுவிடும். ஆயினும் இரத்தச்சோகை, தலசீமியா உள்ளவர்களுக்கும், அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் இது பிழையான எண்ணைத் தரக்கூடும். அதனை வைத்தியரிடம் முற்கூட்டியே சொல்ல வேண்டும்.

பரிசோதனைக்குப் போவோர் செய்யும் பிழைகள் சிலவற்றையும் சொல்லிவிடுகின்றேன். "வெறும் தேத்தண்ணிதானே" என்று காலையிலே குடித்துவிட்டுப் போவது ஒரு பிழை. பயந்து இரண்டு நாள் பட்டினி கிடந்து போவது மற்றொன்று. வழமைபோல் உண்டு போனாற்றான் உண்மை தெரியும். விரலிற் குத்திப் பார்க்கும் சிறு கருவி அவசரத்துக்கும் அன்றாடக் கணக்குக்கும் மிக நல்லது. ஆனால் நோய் உண்டு என்று தீர்ப்புச் சொல்வதற்கு நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்திலே சோதிக்க வேண்டும். விரலிற் குத்துமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். மாம்பழம் உரித்த கையிலே குத்தினால் மாம்பழத்தின் சீனியும் சேர்ந்து எண் ஏறும். நான் இதனை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐயாவுக்கு ஒரு மாலை இவ்வாறு எண் ஏறி, வீடு முழுவதும் கலங்கிவிட்டது. கை கழுவிக் குத்தியபின் இறங்கிற்று. இன்னுமொன்று: குறிகள் இல்லாத ஒருவருக்கு ஒரு தடவை எண் கூடியதைக் கொண்டு நோயைத் தீர்மானிப்பதில்லை. இன்னொரு பரிசோதனையும் அதனை உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே ஓர் எண்ணைக் கண்டு ஒடிந்துபோவதும் தவறு. அதனைக் கண்டும் காணாமல் விடுவது அதனிலும் பெரிய தவறு.

எல்லைநிலையில் நிற்பவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளியான பேராராய்ச்சி ஒன்றிலே, உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைக்கவும் கிழமைக்கு 150 நிமிடம் விரைந்து நடக்கவும் பயிற்றப்பட்டவர்களுள் நீரிழிவு புதிதாக வருவது, அப்பயிற்சி பெறாதவர்களிலும் பார்க்க நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெற்போமின் குளிசை உண்டவர்களிடையே 31 பங்கே குறைந்தது. கால் குளிசையை வென்றது! 2006இல் வெளியான இந்திய ஆராய்ச்சியிலும், உணவையும் நடையையும் சீர்செய்தோர் ஏறத்தாழ 28 பங்கு பயன் அடைந்தனர். "கொஞ்சம் சீனி" என்பது ஆறுதல் மொழியன்று. அது திருந்துவதற்குக் கிடைத்த தவணை. அந்தத் தவணையை நாங்கள் மூன்று ஆண்டுகள் வீணாக்கினோம்.

ஈற்றிலே, நம் சங்கத்துக்குரியதாகச் சில வார்த்தைகள். நம் வழிபாட்டு முறைகளோடு இந்நோய் இரண்டு இடத்திலே சந்திக்கின்றது. ஒன்று விரதம். குளிசை எடுப்போரும் இன்சுலின் ஏற்றுவோரும் கந்தசட்டி முதலிய விரதங்களை வைத்தியரைக் கேளாமல் பிடிக்கக் கூடாது. மருந்தை எடுத்து உணவை விட்டால் சீனி மிகவும் இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் என்பன அதன் குறிகள். கோயில் வீதியில் ஒருவர் அவ்வாறு தடுமாறக் கண்டால் "பக்தி மேலிட்டது" என்று நில்லாது, நினைவு இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவற்றிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விரதமா உயிரா என்ற கேள்வி எழும்போது ஆண்டவன் பட்டினியைக் கேட்கமாட்டான் என்பதே என் எண்ணம். பெரியோர்கள் பிழையிருப்பிற் பொறுத்தருள்க. மற்றது வெறுங்கால். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மத்தியான வெயிலிற் கொதிக்கும் மணலும் ஒரு நெருஞ்சி முள்ளும் போதும். நீரிழிவு உள்ளவர்கள் வெயில் ஏறுமுன் வீதி சுற்றட்டும். வீடு திரும்பியதும் பாதத்தின் மேலும் கீழும் விரலிடுக்கும் பார்க்கட்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம்.

வாலிப நண்பர்களே, நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியமன்று. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், "ஐயா, அம்மா, இரத்தம் சோதித்த கடதாசி ஏதும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அலுமாரியிலும் தலையணைக்குக் கீழும் தேடுங்கள். வெறும் வயிற்றில் 100க்கு மேல் ஓர் எண்ணைக் கண்டால் அது எத்தனை வருஷப் பழையதானாலும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடதாசியே இல்லையானால் அடுத்த கிழமை ஒருநாள் அவர்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சோதிப்பியுங்கள். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசம். 2011ஆம் ஆண்டு தொடக்கம் இரத்தச் சீனி, குருதியமுக்கம் முதலியவற்றை முற்கூட்டியே சோதிக்கும் நிலையங்களும் அவ்வைத்தியசாலைகளில் நிறுவப்பட்டு வந்துள்ளன. இல்லாதது வசதியன்று, நம் கவனமே.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாதென்று வருத்தத்தை மறைக்காதீர்கள். மறைத்த வருத்தம்தான் பின்னர் பெரும் பாரமாகும். நீங்கள் வியர்வை சிந்திப் படிப்பித்த படிப்பு உங்கள் கடதாசியை வாசிக்க உதவாவிட்டால் அந்தப் படிப்பினால் என்ன பயன்?

ஐயா இப்போது தோட்டத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போகின்றார். இரவில் ஒரு தரமே எழும்புகின்றார். சென்ற முறை எச்.பி.ஏ.1.சி. 7.1 ஆக இருந்தது. அவருடைய கிளினிக் கொப்பி பஞ்சாங்கத்துக்குள் இல்லை. அடுக்களைக் கதவருகே ஆணியில், எல்லாரும் காணக்கூடியதாகத் தொங்குகின்றது. போன இரு விரல்கள் இனி வரப்போவதில்லை. மற்ற எட்டையும் நாங்கள் ஒவ்வொரு மாலையும் எண்ணிப் பார்த்துக்கொள்கின்றோம்.